கடலும் காற்றும் செய்யும் கொடுக்கல் வாங்கல்: டிரிட்டியம் காட்டிக்கொடுத்த கணக்கு

கேள்வி சுருக்கமாக இதுதான். தொடக்கக் கல்லூரியில் புவியியல் படிக்கும் மகள் ஒரு ஆய்வுக் கட்டுரை எழுதுகிறாள். கடலுக்கும் காற்றுக்கும் நடுவே நீர் போய்வருவதைக் கதிரியக்க ஐசோடோப்பை (ஒரே தனிமத்தின் எடை மாறிய, கதிர் வீசும் அணு) வைத்துக் கண்டுபிடிக்கிறார்கள் என்று எங்கோ படித்திருக்கிறாள். அப்பா கேட்கிறார்: "கடலில் கதிரியக்கப் பொருளைக் கொட்டிவிட்டு மழையில் வருகிறதா என்று பார்ப்பார்களா? அது ஆபத்து இல்லையா? அப்படியென்றால் ஜப்பானில் புகுஷிமா அணு உலையிலிருந்து கடலில் விடுகிற தண்ணீர் ஒருநாள் நம்ம சிங்கப்பூர் ஈசூன் மழையிலும் வருமா?"

இங்கே வருவதற்கு முன் ஊரில் ஒரு நீராய்வுக் கூடத்தில் பல வருஷம் இதைத்தான் எண்ணிக்கொண்டிருந்தேன், அதனால் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

யாரும் எதையும் கொட்டுவதில்லை. கொட்டினாலும் பத்தாது. கடலில் இருப்பது சுமார் 133 கோடி கன கிலோமீட்டர் நீர். அதில் எதைக் கலந்து எங்கே தேடுவது? நீருக்கு அடையாளம் போடும் வேலையை முதலில் வானமே செய்துவிட்டது. அப்புறம் 1950-களிலும் 60-களின் தொடக்கத்திலும் வல்லரசுகள், இந்த நோக்கம் துளியும் இல்லாமல், பல மடங்கு அழுத்தமாகச் செய்துவிட்டன. விஞ்ஞானிகள் செய்தது, ஏற்கெனவே விழுந்துவிட்ட அந்த அடையாளத்தைத் தேடிப் போனது மட்டும்தான்.

அந்த அடையாளத்தின் பெயர் டிரிட்டியம். சாதாரண ஹைட்ரஜன் அணுவின் கருவில் ஒரே ஒரு புரோட்டான். டிரிட்டியத்தில் அதோடு இரண்டு நியூட்ரான்கள் ஒட்டிக்கொண்டிருக்கும், எடை மூன்று மடங்கு. வேதியியல்படி அது ஹைட்ரஜன்தான், ஆகவே ஆக்சிஜனோடு சேர்ந்து தண்ணீராகிவிடும். மற்ற அடையாளப் பொருள்களிலிருந்து இது வேறுபடும் இடம் இதுதான். சாயத்தையோ உப்பையோ கலந்தால் அது தண்ணீருக்குள் இருக்கும் வேறொரு பொருள். நீர் ஆவியாகும்போது உப்பு கடலிலேயே தங்கிவிடும். டிரிட்டியம் அப்படிப் பின்தங்காது. அது நீரின் மூலக்கூறாகவே ஆவியாகும், மேகமாகும், பெய்யும், மரத்தின் வேருக்குள் போகும். எடை கூடுதல் என்பதால் ஆவியாவதில் பத்து சதவீதம் போலச் சோம்பல் காட்டும், அவ்வளவுதான்.

அதன் அரை ஆயுள் 12.32 ஆண்டு. அதாவது இன்று இருக்கும் டிரிட்டியத்தில் பாதி பன்னிரண்டு வருஷத்துக்குச் சற்று மேலான காலத்தில் ஹீலியம்-3 ஆகிவிடும். சிதையும்போது வெளிவரும் பீட்டா துகள் படு பலவீனமானது; காற்றில் அரை செண்டிமீட்டர் சொச்சம் போனாலே நின்றுவிடும், தோலைக்கூடத் தாண்டாது.

இயற்கையாக இது எப்படி உண்டாகிறது என்றால், விண்வெளியிலிருந்து வரும் காஸ்மிக் கதிர்களால் தெறிக்கும் நியூட்ரான்கள் காற்றின் உயரத்தில் நைட்ரஜன் அணுவை மோதும்போது. உலகம் முழுவதற்கும் சேர்த்து வருஷத்துக்கு 150 முதல் 200 கிராம் வரை. சில கட்டி சவர்க்காரத்தின் எடை. ஒரு பக்கம் உண்டாகி இன்னொரு பக்கம் சிதைந்து, பூமியில் இயற்கையாக எந்த நேரமும் இருப்பில் இருப்பது சில கிலோதான். இந்தச் சில கிலோ உலகத்துத் தண்ணீர் முழுவதிலும் கலந்திருக்கிறது என்றால் எவ்வளவு அரிதாக இருக்கும் என்று பாருங்கள். அதனால்தான் இதற்குத் தனியாக ஒரு அலகே வைத்தார்கள்: 1-க்குப் பின்னால் 18 சுழியம் போட்டு வரும் எண்ணிக்கையில் ஹைட்ரஜன் அணுக்கள் இருந்தால் அதில் ஒன்று டிரிட்டியம், அது ஒரு டிரிட்டியம் அலகு. ஒரு லிட்டர் நீரில் ஓர் அலகு இருந்தால் அதில் சுமார் 6.7 கோடி டிரிட்டியம் அணுக்கள் இருக்கும், நிமிடத்துக்கு ஏழு அணுக்கள் சிதையும். ஏழு! அந்த ஏழைத்தான் நாங்கள் எண்ண வேண்டும்.

எண்ணும் கதையைப் பிறகு சொல்கிறேன். முதலில் குண்டு.

இயற்கை மழையில் டிரிட்டியம் இருப்பதை முதலில் ஒழுங்காக அளந்தவர்கள் சிகாகோவில் வில்லார்ட் லிபியின் குழு. கார்பன்-14 காலக்கணிப்புக்காக 1960-ல் நோபல் வாங்கினாரே, அவர்தான். பழைய ஒயின் பாட்டில்களைக்கூட வாங்கி அளந்தார்கள். பாட்டிலை மூடிய பிறகு புது மழை உள்ளே வர வழியில்லை, ஆகவே வருஷம் கூடக்கூட டிரிட்டியம் குறைந்திருக்க வேண்டும், குறைந்திருந்தது. (ஆய்வகத்துக்கு ஒயின் வாங்க அனுமதிக் கடிதம் எழுதியவரை நினைத்து நாங்கள் சிரித்ததுண்டு.) அவர்கள் இதை அமைதியாகச் செய்துகொண்டிருந்த அதே சமயத்தில், பசிபிக் தீவுகளான எனிவெட்டாக்கில் 1952 நவம்பரிலும் பிகினியில் 1954 மார்ச்சிலும் அமெரிக்கா ஹைட்ரஜன் குண்டுகளை வெடித்தது. சோவியத் யூனியன் 1961, 62-ல் இன்னும் பெரியவற்றை வெடித்தது. நூற்றுக்கணக்கான கிலோ டிரிட்டியம் ஸ்ட்ராட்டோஸ்பியர் என்கிற மேலடுக்குக்குப் போய் உட்கார்ந்துகொண்டு, ஒவ்வொரு வருஷமும் வசந்த காலத்தில் கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே கசிந்தது. கனடாவின் ஒட்டாவாவில் 1953-லிருந்தே மழையைச் சேகரித்து வந்தார்கள். அங்கே குண்டுக்கு முன் பத்து, பதினைந்து அலகு என்று இருந்திருக்க வேண்டியது 1963-ல் ஆயிரக்கணக்கில் ஏறியது. அதே 1963-ல் வளிமண்டலச் சோதனைத் தடை ஒப்பந்தம் கையெழுத்தானது, அதன்பின் இறங்குமுகம்.

வெடித்தது தவறு, அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் நீரியல்காரர்களுக்கு அது தேதி போட்ட முத்திரை ஆகிவிட்டது. சர்வதேச அணுசக்தி முகமையும் உலக வானிலை அமைப்பும் சேர்ந்து 1961-ல் உலகம் முழுக்க மழைநீரைப் புட்டியில் பிடித்து ஐசோடோப்பு அளக்கும் வலையமைப்பைத் தொடங்கின. இன்றுவரை ஓடுகிறது.

இந்த மழைக் கணக்குகளைப் பரப்பி வைத்துப் பார்த்தபோது ஒரு விஷயம் கண்ணில் பட்டது. ஒரே மாதம், ஏறக்குறைய ஒரே அட்சரேகை, ஆனால் அயர்லாந்தின் மேற்குக் கரையில் வாலென்ஷியாவில் டிரிட்டியம் குறைவு, வியன்னாவில் அதிகம், மாஸ்கோவில் இன்னும் அதிகம். கடலோரத்தில் குறைந்தும் உள்நாட்டில் ஏறியும் போகிறது. மேலிருந்து கசிவது இரண்டு இடத்துக்கும் ஒன்றுதானே? அப்படியென்றால் கடலின் மேல் போகும் காற்றிலிருந்து யாரோ டிரிட்டியத்தைத் திருடுகிறார்கள். திருடன் கடல்தான். ஆனால் எப்படி? மழையாகப் பெய்து மட்டும் கடலுக்குள் போனால் இவ்வளவு வேகமாகக் குறையாது.

உங்கள் மகள் கட்டுரையின் நடுப்பகுதியில் வைக்க வேண்டியது இதுதான் என்பது என் அபிப்பிராயம். அதனால் இங்கே கொஞ்சம் நிற்கிறேன்.

பள்ளிப் பாடத்தில் நீர்ச்சுழற்சிப் படத்தைப் பார்த்திருப்பீர்கள். கடலிலிருந்து மேலே ஒரு அம்பு, ஆவியாதல். மேகத்திலிருந்து கீழே ஒரு அம்பு, மழை. எண் போட்டும் எழுதலாம்: கடலிலிருந்து வருஷத்துக்குச் சுமார் 4,13,000 கன கிலோமீட்டர் நீர் ஆவியாகிறது, 3,73,000 கன கிலோமீட்டர் மழையாகக் கடலிலேயே விழுகிறது, மிச்சம் 40,000 நிலத்துக்குப் போய் ஆறாகத் திரும்புகிறது. இந்த எண்களில் தப்பில்லை. ஆனால் அந்த மேல்நோக்கிய அம்பு ஒரு நிகரக் கணக்கு. அதற்குள் இரண்டு அம்புகள் ஒளிந்திருக்கின்றன.

சிங்கப்பூரையும் மலேசியாவின் ஜோகூரையும் இணைக்கும் உட்லண்ட்ஸ் கடற்பாலத்தை நினைத்துக்கொள்ளுங்கள். காலையில் ஜோகூரிலிருந்து இங்கே லட்சக்கணக்கில் வருகிறார்கள், இரவு திரும்பிப் போகிறார்கள். வார இறுதியில் நாம் அங்கே பெட்ரோல் போடவும் சாப்பிடவும் போய்வருகிறோம். இப்போது ஒருவர் பாலத்தையே பார்க்காமல், இந்த ஞாயிறு நள்ளிரவு சிங்கப்பூரில் எத்தனை பேர், அடுத்த ஞாயிறு நள்ளிரவு எத்தனை பேர் என்று மட்டும் எண்ணினால் என்ன சொல்வார்? சில நூறு பேர் வித்தியாசம், பாலம் காற்றாடிக் கிடக்கிறது போல என்பார். ஆனால் காப்பிக்கடைக்காரர் கல்லாப்பெட்டியைத் திறந்தால் மலேசிய இருபது சென் காசு நாலைந்து கிடக்கும். அந்தக் காசு சொல்லும், பாலம் காற்றாடவில்லை என்று. டிரிட்டியம்தான் அந்த இருபது சென்.

கடலின் மேற்பரப்பிலும் நடப்பது இதேதான். நீர் மூலக்கூறுகள் மேலே எகிறிக்கொண்டே இருக்கும். அதே நேரத்தில் காற்றில் ஏற்கெனவே இருக்கும் நீராவியின் மூலக்கூறுகள் கடலில் வந்து மோதி உள்ளே போய்க்கொண்டே இருக்கும். காற்று முற்றிலும் வறண்டிருந்தால் கீழே வர ஆளில்லை. காற்று முழுதாக நிறைந்திருந்தால் மேலே போவதும் கீழே வருவதும் சமம், நிகர ஆவியாதல் பூஜ்யம். ஆனால் போக்குவரத்து நின்றுவிடவில்லை, முழு வேகத்தில் நடக்கிறது. கடலின் மேல் ஈரப்பதம் 80 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம், அது சாதாரணமான எண்தான். மேலே 100 போனால் கீழே 80 வருகிறது. நம் கருவிகளும் வெப்பக் கணக்குகளும் பார்ப்பது அந்த 20-ஐ மட்டும். அதாவது நிகரமாக ஆவியாகும் ஒவ்வொரு பங்குக்கும் நான்கு பங்கு நீர் சத்தமில்லாமல் காற்றிலிருந்து கடலுக்குள் இறங்குகிறது.

கடல் பரப்புக்கு இதைப் பிரித்துப் பாருங்கள். நிகர ஆவியாதல் வருஷத்துக்குச் சராசரி 1.1 மீட்டர் உயரம். மழை சுமார் 1 மீட்டர். ஆவியாகவே கடலுக்குள் இறங்குவது இந்தக் கணக்குப்படி நாலரை மீட்டர்! மழையைப்போல நான்கு மடங்குக்கும் மேல் நீர், ஒரு துளி கண்ணில் படாமல், மேகம் வேண்டாமல், வெயிலடிக்கும் நாளிலும் கடலில் விழுகிறது. முதன்முதலில் இதைக் கேட்டபோது நான் நம்பவில்லை, தாளில் போட்டுப் பார்த்த பிறகுதான் ஏற்றுக்கொண்டேன்.

சாதாரண நீர் சாதாரண நீரோடு இடம் மாறினால் யாருக்குத் தெரியும்? தெரியாது. டிரிட்டியம் இருந்தால் தெரியும், ஏனென்றால் 1960-களின் காற்றில் அது ஏராளம், கடலில் அது சொற்பம். மேலே எகிறுவது டிரிட்டியம் இல்லாத நீர், கீழே இறங்குவது டிரிட்டியம் உள்ள நீர். கடல் வாங்கியதைக் கீழே கலந்து கரைத்துவிட்டு வெறும் நீரைத் திருப்பிக் கொடுக்கிறது. நிலம் அப்படியில்லை, பெய்ததை மண்ணும் மரமும் கிட்டத்தட்ட அதே டிரிட்டியத்தோடு திரும்ப ஆவியாக்கிவிடும், கரைத்து ஒளித்துவைக்க அதற்கு ஆழமில்லை. அயர்லாந்துக்கும் மாஸ்கோவுக்கும் வித்தியாசம் வந்தது இப்படித்தான். 1980-ல் வைஸ், ரோதர் என்ற இரண்டு ஜெர்மானிய ஆய்வாளர்கள் உலகக் கடல்களுக்கு இந்த வரவுக் கணக்கைப் போட்டார்கள். கடல் மட்டத்துக்கு அருகே உள்ள ஆவியில் டிரிட்டியம் ஏற்கெனவே நீர்த்துப்போயிருக்கும் என்பதால் அந்த நான்கு மடங்கு அப்படியே டிரிட்டியக் கணக்கில் வராது, குறையும். ஆனாலும் மழை வழியே கடலுக்குள் போனதைவிட ஆவி வழியே போனதுதான் அதிகம் என்பது நின்றது.

நம் ஊருக்கு வருவோம். சிங்கப்பூர் வருஷத்துக்கு 2,100 மில்லிமீட்டருக்கும் மேல் மழை பெறுகிற ஊர், ஆனால் டிரிட்டியத்தில் ஏழை. வடகிழக்குப் பருவக்காற்று தென்சீனக் கடலை முழுக்கத் தாண்டி வருகிறது, தென்மேற்குக் காற்று வருவதும் கடல் வழியாகத்தான். வழி நெடுகக் கடல் அதன் பையைத் துழாவியிருக்கும். அதோடு மேலடுக்கிலிருந்து கசிவதும் பெரும்பாலும் நடு அட்சரேகைகளில்தான், பூமத்திய ரேகைக்குப் பக்கத்தில் இல்லை. குண்டுக் காலத்தில்கூட வெப்பமண்டலத் தீவுகளின் மழை ஒட்டாவா அளவுக்கு எகிறவே இல்லை. இப்போதெல்லாம் நம் பக்கத்து மழையில் இருப்பது ஓரிரண்டு அலகு, சில அலகு அவ்வளவுதான், எண்ணுகிறவனுக்குத் தலைவலி.

இன்னொரு அருமையான பயன்பாடு சூறாவளி. மியாமி பல்கலைக்கழகத்தில் கோட்டே ஓஸ்ட்லுண்ட் என்ற ஸ்வீடன்காரர் இருந்தார். 1964-ல் ஹில்டா, 1965-ல் பெட்ஸி, 1966-ல் ஃபெய்த் என்று சூறாவளிகளுக்குள் ஆய்வு விமானத்தை அனுப்பி, உள்ளே இருக்கும் காற்றின் ஈரத்தைப் பிடித்துவந்து டிரிட்டியம் அளந்தார். சூறாவளிக்கு எரிபொருள் வெதுவெதுப்பான கடல்நீரின் ஆவி என்பது கொள்கை. ஆனால் சூறாவளியின் மையத்தைச் சுற்றி நிற்கும் கண்சுவருக்குப் பக்கத்தில் காற்று வீசும் வேகத்தில் ஆவியாதலை எந்தக் கருவி வைத்து அளப்பது? கப்பலை நிறுத்தவா முடியும்? அவர் போட்ட கணக்கு எளிமையானது: வெளியிலிருந்து உள்ளே இழுக்கப்படும் காற்றின் ஆவியில் டிரிட்டியம் அதிகம், கடல்நீரில் குறைவு, ஆகவே உள்ளே போகப்போக ஆவியின் டிரிட்டியம் எவ்வளவு நீர்த்துப்போகிறதோ அவ்வளவு கடல்நீர் அதில் புதிதாகக் கலந்திருக்கிறது. பாலில் எவ்வளவு தண்ணீர் கலந்தான் என்று கண்டுபிடிக்கிற அதே வேலை, என்ன, பால்காரன் 150 கிலோமீட்டர் வேகத்தில் சுற்றிக்கொண்டிருக்கிறான்.

நமக்குச் சூறாவளி வராது என்பார்கள். 2001 டிசம்பர் 27-ல் வாமெய் வந்ததே! பூமத்திய ரேகைக்கு ஒன்றரை பாகை வடக்கே, சிங்கப்பூருக்குப் பக்கத்துக் கடலில் உருவாகி ஜோகூரில் கரையேறியது. பாடப்புத்தகத்தில் அப்படி நடக்கக் கூடாது என்று இருக்கும்.

கடலின் உள்பக்கம் பற்றியும் ஒரு பத்தி எழுதச் சொல்லுங்கள். காற்றிலிருந்து உள்ளே போன டிரிட்டியம் எங்கே போகிறது? 1972-ல் ஜியோசெக்ஸ் என்ற ஆய்வுப் பயணம் அட்லாண்டிக் கடலை வடக்கிலிருந்து தெற்காக அறுத்துப் பார்த்தது. வெப்பமண்டலத்தில் குண்டு டிரிட்டியம் மேலே சில நூறு மீட்டரோடு நின்றிருந்தது. வடக்கே, கிரீன்லாந்துப் பக்கம், மூன்று கிலோமீட்டர் ஆழத்துக்கும் கீழே போயிருந்தது. குண்டு வெடித்துப் பத்து வருஷம்தான் ஆகியிருந்தது. அதற்குள் காற்றைத் தொட்ட நீர் அவ்வளவு ஆழம் இறங்கியிருக்கிறது என்றால் அங்கே கடல் நிஜமாகவே மூழ்குகிறது. 1981-ல் திரும்பப் போய்ப் பார்த்தபோது ஆழத்தில் இறங்கிய அந்த டிரிட்டியத்தின் முனை தெற்கே நகர்ந்திருந்தது.

அதற்கு மேல் ஒரு கடிகாரமும் உண்டு. டிரிட்டியம் சிதைந்தால் ஹீலியம்-3 வரும் என்றேன் அல்லவா. மேற்பரப்பில் இருக்கும்வரை அந்த ஹீலியம் காற்றுக்குத் தப்பிவிடும். நீர் மூழ்கிய கணத்திலிருந்து தப்ப வழியில்லை, சேரத் தொடங்கும். ஆழத்திலிருந்து எடுத்த நீரில் டிரிட்டியம் எவ்வளவு, ஹீலியம்-3 எவ்வளவு என்று பார்த்தால் அந்த நீர் கடைசியாகக் காற்றைப் பார்த்து எத்தனை வருஷம் ஆயிற்று என்று சொல்லிவிடலாம். ஊட்ஸ் ஹோல் கடலாய்வு நிலையத்தின் வில்லியம் ஜென்கின்ஸ் இதில் கரை கண்டவர்.

மற்ற ஐசோடோப்புகளைச் சட்டென்று சொல்லிவிடுகிறேன். ரேடான்-222, அரை ஆயுள் 3.8 நாள், கடலிலிருந்து காற்றுக்கு வாயு தப்பிக்கும் வேகத்தை அளக்க உதவும், ஆனால் அது நீரல்ல. பெரிலியம்-7, அரை ஆயுள் 53 நாள். மேலே காஸ்மிக் கதிரால் உண்டாகி, தூசியில் ஒட்டி, மழையோடு கடலுக்கு வரும். மழை எவ்வளவு கழுவி இறக்கியது, மேலடுக்கு நீர் எவ்வளவு ஆழம் கலந்தது என்று பார்க்கலாம். ஆக்சிஜன்-18-உம் டியூட்டீரியமும் கதிரியக்கம் உள்ளவை அல்ல, மாணவர்கள் அடிக்கடி குழப்பிக்கொள்வது இங்கேதான். அவை நிலையான கனத்த அணுக்கள். எந்த வெப்பத்தில், எவ்வளவு ஈரப்பதத்தில் ஆவியானது, மேகம் எவ்வளவு மழையைக் கொட்டித் தீர்த்துவிட்டு வந்தது என்ற கதையை அவை சொல்லும். நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் உள்ள பூமி ஆய்வு நிலையத்தார் விடியற்காலையில் நம்மை எழுப்பிவிடும் சுமத்ரா புயல்மழையின் நீரை இப்படி ஆராய்ந்திருக்கிறார்கள். இரண்டு வகையையும் ஒரே புட்டித் தண்ணீரில் அளப்பதுதான் வழக்கம்.

எண்ணும் கதை பாக்கி இருக்கிறது. நிமிடத்துக்கு ஏழு சிதைவு என்றால் கருவியின் சொந்த இரைச்சலுக்குள்ளேயே அது மூழ்கிவிடும். அதனால் முதலில் மின்னாற்பகுப்பு: சில நூறு மில்லிலிட்டர் நீரில் நாள்கணக்கில் மின்சாரம் பாய்ச்சி இருபது மில்லிக்குக் கீழே கொண்டுவருவோம். லேசான ஹைட்ரஜன் முந்திக்கொண்டு வாயுவாக ஓடிவிடும், கனத்த டிரிட்டியம் பெரும்பாலும் தங்கிவிடும். பால் சுண்டக் காய்ச்சுவது மாதிரி. அப்புறம் அதில் ஒளிரும் திரவத்தைக் கலந்து, இருட்டறைக் கருவிக்குள் வைத்து, மணிக்கணக்கில் மினுக்குகளை எண்ண வேண்டும்.

ஒருமுறை ஒரு தொகுதி முழுக்கத் தாறுமாறான எண்கள். பருவமழை மாதிரிகள், மாதக்கணக்காகக் காத்திருந்து சேர்த்தவை. ரசாயனத்தை மாற்றினோம், கருவியைக் கழற்றினோம், ஒன்றும் புரியவில்லை. கடைசியில் பார்த்தால் மாதிரி எடுக்கப் போன ஒரு பையன் கையில் இருட்டில் ஒளிரும் கடிகாரம். அந்த ஒளி டிரிட்டியத்தால் வருவது. அதிலிருந்து கசிந்த கொஞ்சூண்டு போதும், நிமிடத்துக்கு ஏழு எண்ணுகிறவன் கதை முடிந்தது. அவனைத் திட்டிப் பிரயோஜனமில்லை, யாரும் அவனிடம் சொல்லவில்லை, சொல்லாதவர்களில் நானும் ஒருவன். அன்றிலிருந்து கடிகாரத்தைக் கழற்றி மேசைமேல் வைத்துவிட்டுப் போ என்பது சட்டம்.

இன்னொரு தவறு இதைவிடச் சுவையானது. மூடி சரியாக இறுகாத புட்டிகள். நீர் குறைந்தால் தெரியும், ஆனால் குறையவே இல்லை, அளவு அப்படியே இருக்கிறது, டிரிட்டியம் மட்டும் மாறியிருக்கிறது. ஏன்? அறையின் ஈரக் காற்றோடு புட்டித் தண்ணீர் இடம் மாற்றிக்கொண்டிருக்கிறது. கடல் செய்கிற அதே வேலை, ஒரு லிட்டர் அளவில்.

கடைசியாக ஜப்பான். புகுஷிமாவிலிருந்து சுத்திகரித்த நீரைக் கடலில் விட ஆரம்பித்தது 2023 ஆகஸ்ட் 24. வடிகட்டிகள் மற்ற பொருள்களைப் பிடிக்கும், டிரிட்டியத்தைப் பிடிக்காது, அது தண்ணீராகவே இருப்பதால். அவர்கள் வைத்திருக்கும் உச்சவரம்பு வருஷத்துக்கு 22 டிரில்லியன் பெக்கரல் (ஒரு பெக்கரல் என்றால் நொடிக்கு ஒரு அணு சிதைவது), விடும்போது லிட்டருக்கு 1,500 பெக்கரலுக்குக் கீழே. 22 டிரில்லியன் என்றதும் பயமாக இருக்கும். எடையில் மாற்றுங்கள்: 0.06 கிராம். உப்புக் கிண்ணத்தில் ஒரு சிட்டிகைகூட இல்லை. வானம் வருஷந்தோறும் 150 கிராமுக்கு மேல் தானாகவே போடுகிறது என்று முதலில் சொன்னேனே, அதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

"ஆவியாகுமா" என்றால், ஆகும், மழுப்பாமல் சொல்கிறேன். டிரிட்டியம் கலந்த கடல்நீரும் ஆவியாகத்தான் செய்யும். ஆனால் அதற்குள் அது பசிபிக்கில் கலந்து கரைந்திருக்கும். அந்தப் பக்கத்து நீரோட்டம் கிழக்கே, நடுப் பசிபிக்கை நோக்கிப் போவது, நம் பக்கம் நேராக வருவதல்ல. காற்றில் ஏறிய நீர் சராசரியாக ஒன்பது, பத்து நாள்தான் மேலே தங்கும், அதற்குள் பெய்துவிடும், அல்லது மேலே சொன்னபடி கடல் அதைத் திரும்ப வாங்கிக்கொள்ளும். ஈசூனில் பெய்யும் மழையில் அதைத் தனியாகப் பிரித்துக் காட்ட எந்தக் கருவியாலும் முடியாது. நம் மழையில் இரண்டு அலகு என்றால் லிட்டருக்கு கால் பெக்கரல்கூட இல்லை. உலகச் சுகாதார நிறுவனம் குடிநீருக்கு டிரிட்டியத்தில் வைத்திருக்கும் வழிகாட்டு அளவு லிட்டருக்கு 10,000 பெக்கரல். ஈஸ்ட் கோஸ்ட் கடற்கரையில் குளிக்கும்போது வாயில் போகிற உப்புத் தண்ணீரில் இயற்கைப் பொட்டாசியத்தாலேயே லிட்டருக்கு 10 பெக்கரலுக்கு மேல் இருக்கிறது. ஜப்பான் அந்த நீரை விட்டிருக்கலாமா, அக்கம்பக்கத்து மீனவர்களிடம் ஒழுங்காகப் பேசினார்களா என்பது வேறு கேள்வி, அதில் எனக்கும் மனவருத்தம் உண்டு. மழையைப் பற்றிய பயத்துக்கு மட்டும் இடமில்லை.

மகளின் கட்டுரைக்கு: சர்வதேச அணுசக்தி முகமையின் மழை ஐசோடோப்புத் தரவுகளைப் பதிவு செய்தால் இலவசமாக எடுக்கலாம். ஒட்டாவாவையும் நியூசிலாந்தின் கைட்டோக்கேயையும் ஒரே வரைபடத்தில் போடச் சொல்லுங்கள். வட கோளத்துக் குண்டு தென் கோளத்தில் எவ்வளவு சிறியதாகத் தெரிகிறது என்பதை வைத்தே இரண்டு பக்கம் எழுதலாம். 1963-லிருந்து ஐந்து அரை ஆயுள் கடந்துவிட்டது, சிதைவால் மட்டுமே 32-ல் ஒரு பங்காகிவிட்டது என்பதையும் சேர்த்துக்கொள்ளட்டும். செய்முறையாக ஏதாவது வேண்டுமென்றால் வீட்டு ஏர்கான் குழாயில் சொட்டும் நீரைப் பிடிக்கட்டும். அது குழாய்த் தண்ணீர் அல்ல, காற்றின் ஆவி குளிர்ந்து வந்தது. ஆவியைப் பிடிக்க அதைவிட மலிவான கருவி கிடையாது. என்ன, வீட்டில் கொதிக்கிற ரசமும் துணி காய்வதும் அதில் கலந்திருக்கும் என்பதால் சன்னலைத் திறந்துவைத்து, சமைக்காத நேரத்தில் பிடிக்க வேண்டும். புட்டியை வாய்வரை நிரப்பி இறுக மூடச் சொல்லுங்கள், காற்றுக்கு இடம் விட வேண்டாம். கையில் கடிகாரம் வேண்டாம்.